பின்சுவரின் இரண்டு பெட்டிகள்

12 ஆகஸ்ட், சனி

நாச்சிமுத்து இன்றும் மோட்டாரை அணைக்காமல் போய்விட்டான். தொட்டி நிரம்பி வழிந்து என் வாசலில் குளம் கட்டிவிட்டது. மாடியில் இருப்பவனுக்குத் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கவில்லையாம். என் கூடப் பிறந்த தம்பி, ஐம்பத்தைந்து வயது, ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியவில்லை. நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு நாள்கூட எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்ததில்லை.

நானே போய் அணைத்தேன். அவனோடு பேச்சில்லாததால் திட்டவும் முடியவில்லை. என் பெண்டாட்டி ருக்மணியைத்தான் திட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் படம் பார்ப்பது இந்த வீட்டு வழக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதற்கு ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்பக்கம் மூன்றும் இருக்கின்றன. பின்சுவரில் இருந்த சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் ஏழு மாதமாக இல்லை. படத்தில் மழை பெய்தால் எனக்கு முன்னால் மட்டும் பெய்கிறது. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன்.

புதிதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடுவது என்று முடிவு செய்து ருக்மணியிடம் சொன்னேன். "மாட்டுங்க" என்றாள். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை.

14 ஆகஸ்ட், திங்கள்

காந்திபுரம் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறான்.

"முன்னாடி இருக்கற அதே கம்பெனி, அதே சீரீஸ்லதாங்க பின்னாடியும் போடோணும். இல்லீன்னா சத்தம் ஒத்துப் போகாது."

"அது எனக்குத் தெரியும்ப்பா. அது இருக்குதா?"

"அத நிறுத்தி மூணு வருசமாச்சுங்க. பழைய ரெண்டு என்னாச்சுங்க சார்? ரிப்பேருன்னா கொண்டாங்க, பாத்துத் தர்றோம்."

"ரிப்பேர் இல்ல."

"அப்புறமென்னுங்க?"

"அது உனக்கு எதுக்கு?"

வேறு கம்பெனி ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வித்தியாசமே தெரியாது என்று சத்தியம் செய்யாத குறை.

15 ஆகஸ்ட், செவ்வாய்

மாட்டினேன். ஹெலிகாப்டர் முன்னால் வரும்போது ஹெலிகாப்டராக வருகிறது. என் தலையைத் தாண்டிப் பின்னால் போனதும் கொசுவாகிவிடுகிறது.

18 ஆகஸ்ட், வெள்ளி

கடையில் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. ருக்மணி மருதமலைக்குப் போயிருக்கிறாள். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறாள். முருகனிடம் அப்படி என்னதான் பேசுகிறாளோ. மோர்க்குழம்பை ஊற்றி நானே சாப்பிட்டேன்.

26 ஆகஸ்ட், சனி

இரண்டாவது ஜோடி. முன்னால் இருக்கிற அதே கம்பெனிதான், சீரீஸ் வேறு. பெட்டி பெரிது. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால் பின்பக்கத்துச் சத்தம் காதுக்கு அரையடியில் வந்து கத்துகிறது. சோபாவை முன்னால் இழுத்தால் டிவி மூக்கில் இடிக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் தூரத்தை மாற்றினேன், சத்தத்தைக் குறைத்தேன், பெட்டியைத் திருப்பி வைத்தேன், மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். சுவர் முழுக்க ஓட்டை.

பேசுகிறவன் முன்னால் பேசினால் ஒரு குரல், பின்னால் போய்ப் பேசினால் வேறு யாரோ பேசுவது போல.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ருக்மணி, "ரெண்டு பொட்டிக்கு இத்தன பொருத்தம் பாக்கறீங்களே" என்றாள். நான் திரும்புவதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷமாக இப்படிப் பேசத் தெரியாதவள், இப்போது கற்றுக்கொண்டிருக்கிறாள்.

2 செப்டம்பர், சனி

தை மாதத்துக்குப் பிறகு நாச்சிமுத்து இன்றுதான் என் வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணா, சௌமியாவுக்கு இது எட்டாவது மாசம்."

அவன் மகள் பேச்சுதான். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதப் பிரசவம். பொறந்த வூட்லதான பாக்கோணும். அவங்கம்மா கெடந்து அழுவறா. ரெண்டு மாசம் இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம்னு…"

"மேல இருக்கறது உன்ற போர்சன். யாரை வேணா வெச்சுக்க."

"இல்லீங்ணா, நீங்க ஒரு வார்த்தை…"

"படி என்ற வாசல்ல இருக்குது நாச்சிமுத்து. அந்தப் பையன் அந்தப் படியில கால் வெக்கக் கூடாது. அவ மட்டும் வந்தாலும் எனக்கு இஷ்டமில்ல. வேற படி கட்டிக்க முடிஞ்சா கட்டிக்க."

குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மேலே போனான். போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே. எதற்கு இந்த நாடகம்?

இன்று ராத்திரி ருக்மணி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

3 செப்டம்பர், ஞாயிறு

மோட்டார் சரியான நேரத்துக்கு அணைக்கப்பட்டது.

9 செப்டம்பர், சனி

இதை ஒழுங்காக எழுதி வைத்துவிடுவது நல்லது. நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நாச்சிமுத்துவின் ஒரே மகள் சௌமியா. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் பாதி நாள் இங்கேதான் கிடப்பாள் என்பது உண்மை. ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவர்கள் யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. ஊருக்குத் தெரியும். நாச்சிமுத்து அப்பன்காரனாக நின்று தடுக்கவில்லை. "அவ இஷ்டம்ணா" என்று என்னிடமே வந்து சொன்னான். பதிவுத் திருமணம் செய்து, மண்டபத்தில் சாப்பாடும் போட்டார்கள். எனக்கு உரிய மரியாதை கொடுக்கவில்லை.

மூன்று தடவை தாம்பூலத் தட்டோடு வந்தார்கள் என்று ருக்மணி சொல்கிறாள். வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பத்திரிகையை நான் பிரிக்கவில்லை. அந்தப் பையன் பேர் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு அவசியமில்லை. மூன்றாவது தடவை வந்தபோது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேனாம். அன்று கரண்ட் இல்லை. மாடியில் விளக்கு எரிந்ததே என்கிறாள். மாடிக்கு வேறு ஃபேஸ் லைனாக இருந்திருக்கும். இவளுக்கு என்ன தெரியும் அதெல்லாம்?

ஸ்பீக்கர் விஷயமும் எழுதிவிடுகிறேன். பின்சுவரில் இருந்த இரண்டும் சௌமியா முதல் சம்பளத்தில் வாங்கியவை. "முன்னாடி மூணு வெச்சுட்டு ஊரை ஏமாத்தாதீங்க பெரியப்பா" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினாள். பையில் இஞ்ச் டேப் வைத்திருந்தாள். கடைக்காரன் சொன்னதை நம்பாமல், நம் வீட்டு முன் ஸ்பீக்கர் ஒன்றையே கழற்றி எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் கேட்டுத்தான் வாங்கினாள். அதெல்லாம் நடந்ததுதான்.

அவள் காசில் வாங்கினதை என் சுவரில் வைத்திருக்க எனக்கென்ன தலையெழுத்தா? கல்யாணத்தன்று காலை வயரைக் கட்டரால் வெட்டி, இரண்டையும் கொண்டுபோய் மாடிப்படியின் உச்சியில் வைத்துவிட்டு வந்தேன். ஸ்குரூவைக் கழற்றி எடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதில் என் தவறு என்ன இருக்கிறது?

16 செப்டம்பர், சனி

இரண்டாவது ஜோடியையும் திருப்பிக் கொடுத்த பிறகு, பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டு வைத்திருந்தேன். இன்று நான் தேடுகிற அதே மாடல் ஒரு ஜோடி வந்திருக்கிறது. சரவணம்பட்டி. விற்பவர் பெயர் டி. மணி. படத்தில் பெட்டி இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. வயரை மட்டும் எவனோ கழற்றத் தெரியாமல் வெட்டியிருக்கிறான். ஊரில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை.

போன் செய்தேன். பணிவான குரல்.

"ஆமாங்க சார், நல்லா இருக்குதுங்க. தொட்டில் கட்ட எடம் பத்தலைங்க, அதனாலதான் குடுக்கறோம். வொய்ஃப்தான் குடுத்தர்லாம்னாங்க. நீங்க நேர்ல வந்து கேட்டுப் பாத்துட்டு எடுத்துக்கங்க சார்."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். என் பெயரைக் கேட்டான். தண்டபாணி என்று சொல்ல வந்து, பாணி என்று மட்டும் சொன்னேன். போனில் முழுப் பெயர் எதற்கு?

ருக்மணியிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

24 செப்டம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சந்து, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்தவன் கண்ணாடி போட்ட, தாடி வைத்த பையன். "வாங்க சார், ஃபோன் பண்ணுனீங்கல்ல?" என்று சிரித்தான்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் சௌமியா உட்கார்ந்திருந்தாள். காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"வாங்க சார்" என்றாள்.

இருபத்தேழு வருஷமாகப் பெரியப்பா என்று கூப்பிட்ட வாய்.

"மணி, சாருக்கு ரெண்டையும் போட்டுக் காட்டு. ஒண்டிப்புதூர்ல இருந்து வந்திருக்காரு. ஈபில இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வயரு, கனெக்சனெல்லாம் நம்மள விட நல்லாத் தெரியும்."

பையன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. "உக்காருங்க சார்" என்று மெதுவாகச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் இணைத்து ஒரு பாட்டுப் போட்டான். அதே குரல். நான் வாங்கிய இரண்டு ஜோடியிலும் கிடைக்காத குரல். ஒரு கீறல்கூட இல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

பாட்டு ஓடும்போது பையன் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். நான் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் வயர் மாட்டுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெலையில கொறைக்க மாட்டோம்" என்றாள்.

"குறைக்க வேண்டாம். எடுத்துக்கறேன்."

பாக்கெட்டில் கை வைத்தேன்.

"தண்ணி குடிக்கலீங்களே சார்."

"தாகமில்ல."

"ஒண்டிப்புதூர்ல இருந்து வண்டியில வந்திருக்கீங்க. ரெண்டு மாடி ஏறியிருக்கீங்க. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. தாகமில்லீங்களா?"

"இல்லம்மிணி."

சின்ன வயதிலிருந்து அவளைக் கூப்பிட்ட அந்த அம்மிணி எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. காலை ஸ்டூலிலிருந்து இறக்கினாள்.

"அந்தத் தண்ணியக் குடிங்க. குடிச்சுட்டு பொட்டி ரெண்டையும் சும்மாவே எடுத்துட்டுப் போங்க. குடிக்கலீன்னா எந்த வெலைக்கும் கெடையாது."

"சௌமி, வுடு" என்றான் பையன்.

"நீ சும்மா இரு. மூணு தடவை எங்கப்பா தட்டைத் தூக்கிட்டுப் போயி இவரு வாசல்ல நின்னாரு. உள்ள ஆளு இருந்தாங்க மணி. விசிறி ஓடற சத்தம் வெளிய கேட்டுச்சு."

"எனக்கே பரீட்சை வெக்கறயா?" என்றேன். கத்திவிட்டேன் போல. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்தார்கள்.

"ஆமாங்க. நீங்க வெச்ச பரீட்சையெல்லாம் நாங்க எழுதலீங்களா? எட்டு மாச வயித்த வெச்சுட்டு எங்கம்மா வூட்டுப் படியில ஏறக் கூடாதுன்னீங்களே, அத எழுதிட்டுத்தான இங்க உக்காந்துட்டு இருக்கறேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்திருப்பேனோ. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். பெட்டி இரண்டும் மேஜைமேல் இருந்தபடியே இருந்தன.

பையன் படிவரைக்கும் வந்தான். "சார், பாத்து எறங்குங்க. கீழ மூணாவது படி ஒடஞ்சிருக்குது" என்றான். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இவன் யார் எனக்குப் படி காட்ட? பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மெயின் ரோட்டுப் பேக்கரியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். ஒரு லிட்டர். நின்றபடியே முழுவதும் குடித்தேன்.

25 செப்டம்பர், திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

29 செப்டம்பர், வெள்ளி

ருக்மணி காலையில் குளித்துவிட்டுப் பெரிய பையோடு வந்து நின்றாள்.

"மருதமலைக்கு எதுக்கு அத்தாப்பெரிய பை?"

"நான் மருதமலைக்குப் போய் ஆறு மாசமாச்சுங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் சரவணம்பட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாளாம். ரசம் வைத்துக் கொடுத்து, தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வருவாளாம். இவளும் நாச்சிமுத்து பெண்டாட்டி சாவித்திரியும் சேர்ந்துதான் எல்லாம். வளைகாப்பும் அங்கேயே நடந்திருக்கிறது. ஏழு வகைச் சாதத்தையும் இந்த வீட்டு அடுப்பில், என் எதிரில்தான் கிளறியிருக்கிறாள். கோயிலுக்கு என்று சொன்னாள். நானும் எலுமிச்சைச் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

"இத்தன நாளா என்னை ஏமாத்தியிருக்கற."

"ஏமாத்துனேனுங்க. கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?"

"இப்ப எதுக்குச் சொல்ற?"

"ஒரு டம்ளர் தண்ணிங்க." குரலை உயர்த்தவே இல்லை. "பொறந்து வூட்டுக்கு வந்த புள்ளைக்கு நீங்கதான் இந்த வூட்ல மொத மொதல்ல சங்குல பால் புகட்டுனீங்க. அவ குடுத்த ஒரு டம்ளர் தண்ணி உங்களுக்கு எறங்கல. நான் போறேன். பிரசவம் முடிஞ்சு, ஒடம்பு தேறி, அப்புறமா வாரேன். வரத் தோணுச்சுன்னா."

"போ" என்றேன். "அப்படியே போயிரு."

போய்விட்டாள். வண்டியில் கொண்டுபோய் விட நாச்சிமுத்து தெருமுனையில் நின்றிருந்தான். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வீடு. நான் மட்டும் வெளியே.

தண்ணீரை யார் கொடுத்தது என்று இவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கொண்டுவந்து வைத்தது அந்தப் பையன். அவள் இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

7 அக்டோபர், சனி

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்கிற கன்ஸ்யூமர் நம்பர் ருக்மணியிடம்தான் இருக்கிறது. இரண்டு நாளாக ஹோட்டல் சாப்பாடு.

காந்திபுரம் கடைக்காரன் கூப்பிட்டான். "சார், உங்க முன்னாடி ஸ்பீக்கருக்கு மேட்ச் ஆகற மாதிரி சென்னையில ஒரு ஜோடி கெடைச்சிருக்குதுங்க, ஆர்டர் போட்டரட்டுங்களா?" வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டான். "படம் பாக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டேன். ஒரு கடைக்காரனிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். போனை வைத்த பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

19 அக்டோபர், வியாழன்

பகல் பதினொன்றரை மணிக்கு நாச்சிமுத்து வந்தான். இந்தத் தடவை நிலைப்படிக்கு வெளியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து என் எதிரில் நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"பொண்ணு பொறந்திருக்குதுண்ணா. ஆபரேசன்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"சொல்லோணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன். வரச் சொல்லிக் கூப்புட நான் வரல. இனி ஒருக்காலும் கூப்புட மாட்டேன்."

திரும்பி நடந்தான். ஐம்பத்தைந்து வருஷத்தில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். அவன் நின்றான், திரும்பாமலே பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

20 அக்டோபர், வெள்ளி

போனேன். ருக்மணியிடம் சிலிண்டர் நம்பர் கேட்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் பாஸ் கொடுக்கிற இடத்தில் பெரிய வரிசை. நாற்பது நிமிஷம் நிற்க வைத்தார்கள். என் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேசன்ட் பேரு?" என்றான். சொன்னேன். "நீங்க என்ன வேணும்?"

"பாக்கோணும்."

"அது தெரியுதுங்க. பேசன்ட்டுக்கு நீங்க என்ன உறவு? எழுதோணும்."

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். ஒருத்தி, "சீக்கிரம் சொல்லுங்கய்யா" என்றாள்.

"பெரியப்பா" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

இரண்டாவது தடவையும் சொன்னேன். எழுதிக் கிழித்துக் கொடுத்தான்.

அறையில் ருக்மணியும் சாவித்திரியும் பேச்சை நிறுத்தினார்கள். பையன் எழுந்து நின்றான். சௌமியா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரிம்மா, சாருக்கு ஸ்டூல் எடுத்துப் போடுங்க" என்றாள். குரலில் தெம்பில்லை. ஆனாலும் அந்தச் சாரை விடவில்லை.

உட்கார்ந்தேன். குழந்தை சாவித்திரி மடியில் இருந்தது. கையில் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? திங்கட்கிழமை சரவணம்பட்டிக்குக் கூட்டிப் போகப் போகிறார்களாம். "ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. தையல் போட்ட வயித்தோட எப்படி ஏறுவா?" என்றேன். சௌமியாதான் சொன்னாள்: "மெதுவா ஏறிக்குவேனுங்க. அதுதான என்ற வூடு."

பையன் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். எனக்கும் ஒரு பேப்பர் கப்பை நீட்டினான். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாதவன் என்ன செய்வான். முழுவதும் குடித்தேன். சௌமியா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் மட்டும் அசைந்தது. ருக்மணி போய் முதுகில் கை வைத்தாள். அழுகிறாளா, இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நான் கிளம்பும்வரை அவள் திரும்பவில்லை.

சிலிண்டர் நம்பரைக் கேட்க மறந்துவிட்டேன்.

பாஸ் ஒரு நாளைக்குத்தான் செல்லுமாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன். ஒரு தடவை எழுதிக்கொண்டது போதாதா இவர்களுக்கு? நாளைக்கும் அதே வரிசை, அதே ஆள், நிமிர்ந்து பார்க்காமல் அதே கேள்வி. எத்தனை தடவை கேட்பான்? கேட்கட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி முதல் தடவையிலேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.